எங்கள் வீட்டுக்கு வந்த முதுகுநாண்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவன் எழுதுவது)

விலங்கியல் மாணவர் எவரையும் நள்ளிரவில் தட்டியெழுப்பி, "முதுகுநாண் என்றால் என்ன?" என்று கேட்டாலும் விடை தயாராக இருக்கும். கருவளர்ச்சியின் தொடக்கத்தில், நரம்புக் குழலுக்கு அடியில், கோல் போல நீண்டு கிடக்கும் வளையக்கூடிய ஒரு தண்டு அது. அதனை உடைய உயிர்களுக்கெல்லாம் கார்டேட்டா, அதாவது முதுகுநாணுள்ளவை என்று பெயர். ஆம்பியாக்சஸ் என்னும் சிறு கடலுயிரியில் அது தலை நுனி முதல் வால் நுனி வரை வாழ்நாள் முழுவதும் நிலைத்து நிற்கும். மனிதனிடத்திலோ கருவின் மூன்றாம் வாரத்தில் தோன்றி, முதுகெலும்பு உருவாக வழிவிட்டு ஒதுங்கிவிடும். முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் என்னும் வட்டின் நடுவில், கூழ் போன்ற பகுதியில்தான் அதன் எச்சம் இருக்கும். இவ்வளவும் எழுதி, பக்கத்தில் ஒரு படமும் போட்டால் ஐந்து மதிப்பெண் நிச்சயம்.

தேர்வுத்தாளோடு முடிந்திருக்க வேண்டிய இந்தச் சொல் ஒரு நாள் மருத்துவ அறிக்கை ஒன்றில் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அதைப் பற்றியதே இக்கட்டுரை. நான் மருத்துவம் படிப்பவன் அல்லன். ஆயினும் முதுகின் அடிப்பகுதியில் தோன்றும் ஓர் அரிய கட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், ஏன் அது இத்தனை நாள் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவன். பார்த்ததையும், கேட்டதையும், நூலகத்தில் தேடிப் படித்ததையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மூட்டை தூக்கிய முதுகு

என் பெரியப்பா மஞ்சள் மண்டியில் சுமைதூக்கும் தொழிலாளி. பதினாறு வயதில் தோளில் விழுந்த மூட்டை நாற்பது ஆண்டுகளாக இறங்கவேயில்லை. மூன்றாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. நான் பிளஸ் டூ முடித்தபோது, "நம்ம குடும்பத்துல ஒருத்தனாச்சும் காலேஜ் வாசப்படி மிதிக்கோணும் கண்ணு" என்று சொல்லி, விண்ணப்பக் கட்டணத்துக்கும் பேருந்துச் செலவுக்கும் மடியிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அவருக்கு வலி தொடங்கியது. இடுப்புக்கும் கீழே, உட்காரும் இடத்தில் வலி. மூட்டை தூக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. டீக்கடைப் பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தாங்க முடியாது. ஆகவே நின்றுகொண்டே டீ குடிக்கப் பழகிக்கொண்டார். இரவில் மல்லாந்து படுக்க முடியாமல் ஒருக்களித்துப் படுத்தார். இவற்றையெல்லாம் பின்னால் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதுதான் பொருள் விளங்கியது. அன்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "மூட்டை தூக்குற ஒடம்பு, வலிக்காம இருக்குமா?"

இந்தப் பதிலில் இருந்த நியாயமே நோய்க்கு மறைவிடமாக அமைந்தது. உழைப்பவனுடைய வலிக்குக் காரணம் தேடுவோர் இல்லை. அவன் தொழிலே காரணமாகிவிடுகிறது.

பெரியம்மா எண்ணெய் காய்ச்சித் தடவினார். மருந்துக்கடையில் பத்து ரூபாய்க்கு வலி மாத்திரை கிடைத்தது. நாட்டு வைத்தியர் ஒருவர் பத்துப் போட்டுக் கட்டினார். ஒரு மருத்துவர் ஊசி போட்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். வலி நிற்காததால் 2023 தைப் பொங்கல் கழிந்ததும் பெரியம்மாவின் கம்மலை அடகு வைத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருக்கிறது என்று அறிக்கை வந்தது. இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்தார்கள். சில பயிற்சிகளும் சொல்லிக் கொடுத்தார்கள்.

உண்மையைச் சொன்னால், அன்று வீடே நிம்மதி அடைந்தது. நோய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதல்லவா! மண்டியில் யார் கேட்டாலும் "டிஸ்க்கு" என்று சொல்லலாம். அந்தப் பெயர் வந்த பிறகு வேறு எதையும் தேட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அடுத்த ஓராண்டு அந்தப் பெயரோடு கழிந்தது.

படத்துக்குள் வராத எலும்பு

முதுகெலும்பின் அடிப்பகுதியைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். இடுப்பு முள்ளெலும்புகள் ஐந்துக்கும் கீழே, ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து, தலைகீழ் முக்கோணமாக ஓர் எலும்பு இருக்கிறது. சேக்ரம் என்பார்கள், தமிழில் திருவெலும்பு என்று எழுதுவர். அதன் நுனியில் சிறிய வால் எலும்பு. தண்டுவடம் பெரியவர்களுக்கு முதலாம் இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் கற்றையாகத் தொங்குகின்றன. பார்ப்பதற்குக் குதிரை வால் போல இருப்பதால் அப்பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். இவற்றுள் திருவெலும்பின் துளைகள் வழியே வெளிவரும் இரண்டாம், மூன்றாம், நான்காம் இணை நரம்புகளே சிறுநீர்ப் பைக்கும் மலக்குடலுக்கும் கட்டளை கொண்டுசெல்பவை.

திருவெலும்புக்கு முன்புறம் இடம் தாராளமாக இருக்கிறது. அங்கே ஒரு கட்டி வளர்ந்தால் பல மாதங்கள் எதையும் நசுக்காமல் சாவகாசமாகப் பெரிதாகலாம். வெளியே வீக்கம் தெரியாது. எக்ஸ்ரேயிலும் எளிதில் அகப்படாது. ஏனென்றால் அந்த எலும்பு வளைந்திருக்கிறது. அதன்மேல் குடலிலுள்ள காற்றும் கழிவும் நிழலாக விழுகின்றன. மேலும், எலும்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் குறை தெரியும் என்கிறார்கள்.

அப்படியானால் எம்.ஆர்.ஐ.யில் ஏன் தெரியவில்லை? இக்கேள்வி என்னை வெகுநாள் வாட்டியது. பின்னர் ஒரு மருத்துவர் பழைய படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி விளக்கினார். இடுப்பு முதுகெலும்புக்கென்று எடுக்கும் படம் இடுப்பு முள்ளெலும்புகளை நடுவில் வைத்தே எடுக்கப்படும். பல நேரங்களில் திருவெலும்பின் முதல் ஒன்றிரண்டு கண்ணிகளோடு சட்டம் முடிந்துவிடும். பெரியப்பாவின் படமும் அப்படித்தான் முடிந்திருந்தது. கட்டி இருந்த இடம் படத்துக்குக் கீழே, காகிதத்துக்கு வெளியே இருந்தது. படம் பொய் சொல்லவில்லை. கேட்ட இடத்தைக் காட்டியது. கேட்க வேண்டிய இடம் வேறாக இருந்தது.

டிஸ்க் பிதுங்கியிருந்ததும் மெய்தான். ஆனால் அது வலிக்குக் காரணம் என்று கொள்வதற்கில்லை. 1994இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஓர் இடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது! நரை முடியைப் போல வயதோடு வரும் மாற்றம் அது. நரைத்த தலையோடு ஒருவர் தலைவலி என்று வந்தால், நரைதான் காரணம் என்று சொல்வோமா?

ஒரு கேள்வி

2024 பிப்ரவரி. எனக்கு முதலாண்டின் இரண்டாம் பருவம் நடந்துகொண்டிருந்தது. கார்டேட்டா தாள் அந்தப் பருவத்தில்தான். பெரியப்பாவை அரசு மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போகும்போது மணி பதினொன்றரை ஆகிவிட்டது. இருந்தவர் இளம் பெண் மருத்துவர். மேற்படிப்புப் படிப்பவராக இருக்கலாம். எங்களுக்குப் பின்னால் இன்னும் அறுபது பேராவது நின்றிருப்பார்கள்.

அவர் ஸ்கேன் கவரைப் பிரிக்கவில்லை. பெரியப்பா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதிப் புட்டத்தில் உட்கார்ந்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்கார்ந்தா அதிகமா வலிக்குதாப்பா, நின்னா அதிகமா?"

"உக்காந்தாத்தானுங்க டாக்டரம்மா. நின்னா பரவால்லீங்க."

"ராத்திரி தூக்கத்துல வலி எழுப்புதா?"

"எழுப்புதுங்க."

"ஒண்ணுக்குப் போறது எப்படி இருக்கு? வர்றதுக்கு நேரம் ஆகுதா? மலம் கழிக்கிறது?"

பெரியப்பா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கவனித்த மருத்துவர், "தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

ஆறேழு மாதமாகச் சிறுநீர் உடனே வராமல் நின்று நின்று வந்தது. மலச்சிக்கலுக்குத் தினமும் கடையில் மருந்து வாங்கிச் சாப்பிட்டார். உட்காரும் இடத்தில் தொட்டால் துணி மூடித் தொட்டது போல மரத்திருந்தது. இவற்றில் ஒன்றைக்கூட அவர் பெரியம்மாவிடம் சொன்னதில்லை. முன்பு பார்த்த மருத்துவர்களிடமும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. வயதானால் இப்படித்தான் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள அப்பான்னு கூப்புட்டுக் கேட்டுச்சு கண்ணு. அதான் சொல்லிப்போட்டேன்" என்று வீட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் கூறினார்.

அந்த மருத்துவர் பஞ்சாலும் ஊசி முனையாலும் தொட்டு எங்கே உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பார்த்தார். பிறகு மூத்த மருத்துவர் ஒருவரை அழைத்தார். அவர் உறை அணிந்த விரலால் மலக்குடலினுள் பரிசோதனை செய்தார். குடலுக்குப் பின்னால், திருவெலும்பின் முன்புறத்தில் கெட்டியான ஒரு வீக்கம் விரலுக்குத் தட்டுப்பட்டது. ஒன்றரை ஆண்டாக மறைந்திருந்ததை ஒரு கேள்வியும் ஒரு விரலும் பத்து நிமிடத்தில் காட்டிவிட்டன. அதற்குப் பிறகுதான் திருவெலும்பு முழுவதும் அடங்குமாறு மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள்.

அறிக்கையில் ஒரு சொல்

அறிக்கை வந்த அன்று மாலை பெரியம்மா, அண்ணன், அண்ணி, என் அம்மா எல்லாரும் திண்ணையில் கூடிவிட்டார்கள். "காலேஜ் படிக்கிறவன், என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்று உறையை என் கையில் கொடுத்தார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த நண்பர்கள் பலருக்கும் இந்த நிலை தெரியும். இரண்டு பருவம்கூட முடிக்காதவன் வீட்டுக்கு வழக்கறிஞனாகவும், மருத்துவனாகவும், வங்கி மேலாளனாகவும் ஆகிவிடுகிறான்.

மூன்றாம் கண்ணியிலிருந்து வால் எலும்பு வரை எலும்பை அரித்துக்கொண்டு, முன்னோக்கி வளர்ந்த பெரிய கட்டி என்றும், ஒரு வகைப் படத்தில் அது மிகவும் வெண்மையாக ஒளிர்கிறது என்றும் எழுதியிருந்தது. கடைசி வரியில், கார்டோமாவாக இருக்கலாம், திசுச் சோதனை தேவை என்றிருந்தது. அந்தச் சொல்லின் முற்பாதி எனக்குத் தெரியும். அன்று காலைதான் கார்டேட்டா வகுப்பிலிருந்து வந்திருந்தேன்.

"உள்ளே ஒரு கட்டி இருக்கிறது. ஊசி வழியே துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் என்ன கட்டி என்று சொல்வார்கள்" என்று மட்டும் சொன்னேன். பெரியம்மா, "கேன்சரா?" என்று கேட்டார். "இன்னும் அவங்களுக்கே தெரியாது பெரியம்மா" என்றேன். அந்த நேரத்தில் அதுதான் உண்மை.

மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியரிடம் சென்று அந்தச் சொல்லைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் ஆய்வகத்தைத் திறந்து, கோழிக் கருவின் குறுக்குவெட்டுத் தகடு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்து, "பார்" என்றார். நரம்புக் குழலுக்குக் கீழே சிறு வட்டமாக முதுகுநாண். அதனுள்ளே நுரை போலக் குமிழி குமிழியாகச் செல்கள். "கருவில் இது மறையும்போது முழுவதும் மறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. மண்டையோட்டின் அடியிலும் முதுகின் கடைசியிலும், இரண்டு நுனிகளில், சில செல்கள் தங்கிவிடலாம். மிக அரிதாக, ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்து அவை வளரத் தொடங்கும்" என்றார்.

விர்ச்சோ கண்ட குமிழிகள்

1857இல் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ, மண்டையோட்டின் அடித்தளத்தில் காணப்பட்ட சிறு வளர்ச்சிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். குமிழிகள் நிறைந்த விந்தையான செல்களைக் கண்டு, குமிழி சுமப்பவை என்ற பொருளில் ஃபைசாலிஃபோரஸ் என்று கிரேக்கப் பெயர் சூட்டினார். குருத்தெலும்பிலிருந்து அவை வந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே முல்லர் என்பவர், இவை முதுகுநாணின் எச்சம் என்றார். 1890களில் ரிப்பெர்ட் என்னும் அறிஞர் கார்டோமா என்ற பெயரை வழங்கினார். அன்று விர்ச்சோ வைத்த பெயரே இன்றும் திசு அறிக்கைகளில் இடம்பெறுகிறது. பெரியப்பாவின் அறிக்கையிலும் இருந்தது.

திசு எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. கட்டி மலக்குடலுக்கு மிக அருகில் இருப்பதால் குடல் வழியே ஊசி செலுத்துவது எளிதாகத் தோன்றும். ஆனால் அப்படிச் செய்யக்கூடாது. ஊசி போன பாதையில் கட்டியின் செல்கள் சிந்திவிடலாம். பின்னால் அறுவை செய்யும்போது அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். குடல் வழியே போயிருந்தால் குடலையும் இழக்க நேரும். ஆகவே சி.டி. ஸ்கேன் வழிகாட்ட, முதுகுப்புறத்திலிருந்து, நடுக்கோட்டை ஒட்டி ஊசி செலுத்தி எடுத்தார்கள். அறுவை செய்யப்போகும் மருத்துவரைக் கலந்துகொண்டே அந்த இடத்தைக் குறித்தார்கள்.

குமிழிச் செல்களைக் கண்டதும் கார்டோமா என்று முடிவு கட்டிவிட முடியாது. குருத்தெலும்பில் தோன்றும் புற்றும், வேறு உறுப்பிலிருந்து பரவிய சிலவகைப் புற்றும் ஏறக்குறைய அப்படியே தோற்றமளிக்கும். இங்கே உதவிக்கு வருவது ஓர் எலியின் வால் என்றால் நண்பர்கள் நம்புவீர்களா? 1927இல் பாரிஸில் நடீன் டோப்ரோவோல்ஸ்கயா-சவாட்ஸ்கயா என்ற பெண் அறிஞர், பரம்பரையாக வால் குட்டையான சுண்டெலிகளைப் பற்றி எழுதினார். அதற்குக் காரணமான மரபணுவுக்கு பிராக்கியூரி என்று பெயர். குட்டை வால் என்று பொருள். முதுகுநாண் உருவாக அந்த மரபணு இன்றியமையாதது என்று பின்னர் தெரிந்தது. 2006இல் வெளியான ஆய்வு, கார்டோமா செல்களில் பிராக்கியூரிப் புரதம் இருப்பதையும், அதனை ஒத்த மற்றக் கட்டிகளில் அது காணப்படாததையும் காட்டியது. இன்று ஆய்வகத்தில் அந்தப் புரதத்துக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். செல்லின் கரு பழுப்பு நிறமானால் ஐயம் தீர்ந்தது. எலியின் வாலை ஆராய்ந்தவருக்கு அது ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளியின் நோயைச் சொல்லப்போகிறது என்று தெரிந்திருக்க முடியாது. விலங்கியல் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இனி என்னிடம் ஒரு பதில் உண்டு.

என்ன கட்டி என்று இத்தனை கவனத்தோடு பிரித்தறிய வேண்டியது ஏன்? மருத்துவம் மாறுபடுவதால்தான். திருவெலும்பில் காணப்படும் புற்றுக் கட்டிகளில் பெரும்பாலானவை வேறிடத்திலிருந்து பரவியவை. அவற்றுக்கு மூல உறுப்பைத் தேட வேண்டும். அங்கேயே தோன்றும் புற்றுகளில் முதலிடம் கார்டோமாவுக்கு. இருபது முதல் நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு, பெண்களுக்குச் சற்று அதிகமாக, ராட்சதச் செல் கட்டி என்று ஒன்று வருவதுண்டு. அது பெரும்பாலும் புற்று அன்று. ஆயினும் எலும்பை அரிக்கும். அதற்கு டெனோசுமாப் என்ற மருந்து 2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குதிரைவால் நரம்புகளின் நடுவேயுள்ள மெல்லிய இழையிலிருந்து எபெண்டிமோமா என்னும் கட்டியின் ஒரு வகை தோன்றும். 1932இல் கெர்னோஹன் அதனைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். கார்டோமாவோ வழக்கமான புற்றுநோய் மருந்துகளுக்கு எளிதில் மசியாது. உடைக்காமல், சிதறாமல், சுற்றியுள்ள நல்ல திசுவோடு ஒரே துண்டாக வெட்டி எடுப்பதும், அதன்பின் கதிர்வீச்சு கொடுப்பதுமே முதன்மையான வழி.

தாமதத்தின் விலை

2024 ஜூன் மாதம் சென்னையில் அறுவை நடந்தது. காப்பீட்டு அட்டை பெரும் செலவைத் தாங்கியது. மீதிக்குப் பெரியப்பாவின் கூட்டாளிகள் மண்டியில் துண்டு விரித்துப் பணம் திரட்டினார்கள். காலையில் உள்ளே போனவர் வெளியே வரும்போது இரவு ஆகிவிட்டது.

இரண்டாம் இணை நரம்புகள் இரண்டையும், மூன்றாம் இணையில் ஒன்றையாவது காப்பாற்ற முடிந்தால் சிறுநீரும் மலமும் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும் என்று அறுவைக்கு முன்பே மருத்துவர் கூறியிருந்தார். கட்டி மேலே ஏறியிருந்ததால் மூன்றாம் இணை இரண்டும் போயின. இரண்டாம் இணையில் ஒன்றைத்தான் மீட்க முடிந்தது. பெரியப்பா நடக்கிறார், அதற்கான நரம்புகள் மேலேயிருந்து வருவதால் பிழைத்தன. ஆனால் நாள்தோறும் நான்கு வேளை தாமே மெல்லிய குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். மூட்டை தூக்கக்கூடாது.

கார்டோமா மெல்ல வளரும் கட்டி. மெல்ல வளர்வது ஒரு சலுகை. அது நமக்குக் காலம் தருகிறது. தந்த காலத்தில் பெரும்பகுதி "டிஸ்க்கு" என்ற பெயரோடு போய்விட்டது. சில மாதங்கள் முன்னால் தெரிந்திருந்தால் ஒரு நரம்பு மிஞ்சியிருக்குமா என்று நான் கேட்டதுண்டு. "இருந்திருக்கலாம்; உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். அந்த விடையோடுதான் நாங்கள் வாழ வேண்டும்.

பெரியப்பாவோ எங்களைவிடத் தைரியசாலி. இப்போது அதே மண்டியில் வரும் லாரிகளின் எண்ணையும் மூட்டைக் கணக்கையும் குறித்துக் கொடுக்கிறார். உட்கார முடியாது என்பதால் நின்றுகொண்டே, உயரமான ஒரு பெட்டியின்மேல் நோட்டை வைத்து எழுதுகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை. இதுவரை கட்டி திரும்பவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

முன்பு பார்த்த மருத்துவர்களை நான் குறை கூற முற்படவில்லை. அமெரிக்கக் கணக்குப்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே கார்டோமா வருகிறது. அதே கணக்கை, 2011 கணக்கெடுப்பில் ஏழு கோடியே இருபது லட்சம் மக்கள் இருந்த நம் மாநிலத்துக்குப் பொருத்தினால் ஆண்டுக்கு எழுபது பேர். அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கே அது திருவெலும்பில் வரும். முதுகுவலி என்று வருவோரோ லட்சக்கணக்கில். ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் இந்தக் கட்டியை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். முதுகுவலி வந்தவர்களுக்கெல்லாம் உள்ளே கட்டி என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தானே தணிந்துவிடும்.

ஆனால் அரிய நோயைக் கண்டுபிடிக்க அரிய கருவி தேவைப்படவில்லை என்பதுதான் நான் கண்ட செய்தி. கருவி எங்கே பார்க்க வேண்டும் என்று ஒருவர் முதலில் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லக்கூடியவர் பெரியப்பா ஒருவரே. அவர் வாயைக் கட்டியிருந்தது கூச்சம். அந்த இளம் மருத்துவர் நோயைக் கண்டுபிடித்தார் என்பதைவிட, அந்தக் கூச்சத்தை மதித்து, என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலருடைய வீடுகளில் அறிக்கையைப் படித்துச் சொல்பவர்கள் நாம்தாம். வரிசையில் நிற்பவர்களும், மாத்திரை வாங்கி வருபவர்களும் நாம்தாம். நெசவோ, கட்டட வேலையோ, வயல் வேலையோ செய்து நம்மைப் படிக்கவைக்கும் பெற்றோர் முதுகு வலிக்கிறது என்றால், வேலையால் வந்த வலி என்று தள்ளிவிடாமல் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். வலி ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? உட்கார்ந்தால் அதிகமாகிறதா? இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறதா? சிறுநீர், மலம் கழிப்பதில் புதிதாக மாற்றம் உண்டா? இவற்றில் எதற்கேனும் ஆம் என்று விடை வந்தால், அதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். நம்மிடம் சொல்லத் தயங்கினால், அவர்களைத் தனியாகவே மருத்துவரிடம் பேசவிடுங்கள். ஸ்கேன் எடுத்தால், வலிக்கும் இடம் படத்துக்குள் வந்திருக்கிறதா என்று பணிவோடு கேளுங்கள். சிறுநீர் திடீரென நின்றுபோனாலோ, உட்காரும் இடம் முழுவதும் மரத்தாலோ மறுநாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. என் அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால், "டாக்டர்கிட்ட சொல்ல வெக்கமா இருக்கிறது எதாச்சும் இருக்கா?" என்று பெரியம்மாதான் முதலில் கேட்கிறார். அம்மா சிரித்துக்கொண்டே, சில வேளை ஒன்றுமில்லை என்பார்; சில வேளை பெரியம்மாவை உள்ளே அழைத்துக்கொண்டு போய்ச் சொல்வார்.